ருவைஸ்காரன் ஓட்டு

பொன்னரசுவுக்கு அரசியல் என்றாலே கொட்டாவி வந்துவிடும். கல்ஃபில் ருவைஸ் என்ற ஊரின் தொழிலாளர் கேம்ப்பில் அவனோடு ஒரே ரூமில் இருந்தவர்கள் ஐந்து பேர். அந்த ஐந்து பேருக்கும் ஐந்து கட்சி. சோற்றுத் தட்டைக் கையில் எடுத்தார்கள் என்றால் ஆரம்பித்துவிடுவார்கள். யார் எந்தப் பாலத்தைக் கட்டினார், யார் எந்தப் பாலத்தைத் தின்றார் என்று ரசம் ஆறிப்போகும்வரை நடக்கும். பொன்னரசு மட்டும் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு மேல் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, காதில் பாட்டை மாட்டிக்கொண்டு சாப்பிடுவான்.

"உங்க தலைவருங்கள்ல ஒருத்தர் இங்க வந்து, இந்த வெயில்ல ஒரே ஒரு வால்வு கழட்டட்டும். அப்புறம் நானும் கட்சியில சேர்றேன்" என்பது அவனுடைய நிரந்தர அறிக்கை.

வயது இருபத்தைந்து. ஊர், கள்ளக்குறிச்சிப் பக்கம் வெண்மாங்குறிச்சி. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் பைப் ஃபிட்டர். ஓட்டுப் போடும் வயது வந்த புதிதில் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். அதற்குப் பிறகு ஐந்து வருஷமாக ருவைஸ். தேர்தல் என்பது அவன் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் வரும். அவனுடைய இடதுகை ஆள்காட்டி விரல் அந்த மையைக் கண்டதே இல்லை. அதில் அவனுக்கு வருத்தமும் இல்லை. கேம்ப்பில் யாருக்கு என்ன பட்டப்பெயர் பொருந்தும் என்று கண்டுபிடிப்பது, லீவு நாளில் பெரிய சட்டியில் கோழி வறுப்பது, கேம்ப் பாஸ் எப்படி நடப்பார் என்று நடந்து காட்டுவது என்று அவன் காலம் நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தது.

இப்படிப்பட்ட ஆளுக்குத்தான் அருணா தங்கையாகப் பிறந்திருந்தாள்.

ஒரு நாள் டூட்டி முடிந்து வந்து பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை, அவளிடமிருந்து போன்.

"ண்ணா, நான் எலெக்‌ஷன்ல நிக்கிறேன்."

"எந்த ஸ்கூல்ல?"

"ஸ்கூலா? நம்ம ஊர்லண்ணா. நாலாவது வார்டு மெம்பருக்கு. மனு குடுத்துட்டு இப்பத்தான் வெளிய வர்றேன்."

பொன்னரசு சிரித்த சிரிப்பில் கீழ்க் கட்டிலில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அருணா சிரிப்பு அடங்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தாள். பொறுமை அவளுக்கு அதிகம். டிகிரி முடித்துவிட்டு ஊரிலேயே சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தாள். சாதிச் சான்றிதழ், பட்டா, பென்ஷன் என்று ஊர் ஜனம் முழுக்க அவள் கடை வாசலில்தான் நிற்கும். நாலாவது வார்டின் பின்தெருக்களுக்குத் தண்ணீர் ஏறுவதில்லை என்று வார்டு மெம்பர் ராஜமாணிக்கத்திடம் கேட்கப் போயிருக்கிறாள். இரண்டு முறை மெம்பராக இருந்த செங்கல் சூளைக்காரர் அவர். "ஓட்டுப் போடற வயசு வந்துடுச்சா பாப்பா உனக்கு?" என்று கேட்டிருக்கிறார். அவள் திரும்பி வந்து, நேராக மனுத்தாக்கல் செய்துவிட்டாள். சின்னம்கூட ஸ்பானர்தான் வரும்போல இருக்கிறது என்றாள்.

"நல்ல சின்னம். ஆனா என் ஓட்டு உனக்கு இல்ல தாயி. ஓட்டுப் போடணும்னா ஊருக்கு வரணும், நான் இங்க கெடக்கேன்."

"உன் ஓட்டா? அது தவறாம விழுந்துக்கிட்டுதாண்ணா இருக்கு. போன எலெக்‌ஷன்ல நான் வரிசையில நிக்கறேன். உள்ள ஆபீசர் 'பொன்னரசு'ன்னு சத்தமா வாசிக்கிறாரு. யாரோ போட்டுட்டு அந்தப் பக்க வாசல் வழியாப் போயிட்டாங்க. நீ நல்ல குடிமகன்ணா!"

சிரிப்பு அங்கேயே நின்றது. ஓட்டைப் பற்றி ஒரு நாளும் கவலைப்படாதவனுக்கு, அது திருட்டுப் போயிருக்கிறது என்றதும் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. தான் அணியாத சட்டையை இன்னொருத்தன் போட்டுக்கொண்டு திரிந்தால் கோபம் வராதா? அதிலும் எந்தச் சின்னத்தில் குத்தினான் என்றுகூடத் தெரியவில்லை.

அவன் வார்டுப் பையன்கள் தம்மாமில் சிலர், அல் கோபாரில் சிலர், ருவைஸில் சிலர் என்று சிதறிக் கிடந்தார்கள். அவர்களுக்கென்று வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் இருந்தது. பொன்னரசு போனை வாய்க்கு நேராகப் பிடித்துக் கத்தினான்: "டேய், எவன்டா அது என் ஓட்டைப் போட்டவன்? நான் இங்க மண்டை காயறேன், அவன் அங்க என் பேரைச் சொல்லி விரல்ல மை வச்சிக்கிட்டு சுத்தறான்! எல்லாரும் வீட்டுக்குப் போன் போட்டுக் கேளுங்கடா, உங்க ஓட்டும் போயிருக்கும்!"

கோபத்தில் விரல் தவறியது. அந்தக் குரல் செய்தி போய் விழுந்த இடம், நாளைக்கு எந்த பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதற்காக கம்பெனி வைத்திருந்த குரூப். முந்நூறு பேர் இருந்தார்கள். சூப்பர்வைசர் சாதிக் பாட்ஷாவும் இருந்தார்.

பொன்னரசு அதை அழிப்பதற்குள் பாதிக் கேம்ப் கேட்டுவிட்டது. தமிழ் தெரியாதவர்களுக்கு மலையாளி ஈசா இந்தியில் மொழிபெயர்த்துச் சொன்னான். ஈசா மொழிபெயர்த்தால் ஒன்று ஒன்றரை ஆகும். அன்று மாலை கேம்ப் முழுக்கப் போன்தான். பீகார்க்காரர் ஒருவர், தான் ஊரை விட்டுக் கிளம்பிய நாளிலிருந்து எந்தத் தேர்தலையும் விட்டதில்லை என்று கண்டுபிடித்தார். இன்னொருவர் பட்டியலில் செத்தே போயிருந்தார். "பாய், மே மர் கயா!" என்று அவர் தன் சாவை அறைக்கு அறை போய் அறிவித்துவிட்டு டீ கொடுத்தார். மறுநாள் பஸ்ஸில் பொன்னரசு ஏறியதும் ஒரே கைதட்டல். பேச்சு வாங்கப் போகிறோம் என்று தலையைக் குனிந்துகொண்டவன் பக்கத்தில் சாதிக் பாட்ஷா வந்து உட்கார்ந்தார். திருவாரூர்ப் பக்கத்துக்காரர். முகம் கடுகடுவென்று இருந்தது.

"பஸ் குரூப்ல இனிமே பஸ்ஸைப் பத்தி மட்டும்தான் பேசணும், புரியுதா?"

"சரி சார்."

கொஞ்ச தூரம் போனதும் அவரே குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "என் ஓட்டையும் போட்டுருக்கான். யாருங்கிறே? எங்க மச்சான்!"

பொன்னரசுவின் திருடனும் வெளியே இல்லை. அம்மா மீனாம்பாளிடம் கேட்டான். கடுகு தாளிக்கிற சத்தத்துக்கு நடுவில் அவள் சர்வசாதாரணமாகச் சொன்னாள்: "உங்க சித்தப்பாதாண்டா போட்டாரு. புள்ள அங்க கஷ்டப்படறான், அவன் ஓட்டு வீணாப் போவக்கூடாதுன்னு."

சித்தப்பா வேலுச்சாமி ராஜமாணிக்கத்தின் சூளையில் டிராக்டர் ஓட்டுகிறவர். அவர் யாருக்குக் குத்தியிருப்பார் என்று தனியாகக் கேட்க வேண்டியதில்லை. ஆனாலும் அவர்மேல் கோபப்படுவது கஷ்டம். ஊரிலிருந்து யார் ருவைஸுக்கு வந்தாலும் அவர்கள் கையில் முறுக்கு டப்பா கொடுத்து அனுப்புகிற மனிதர். அன்று போனில் அவர் குரலில் குற்ற உணர்ச்சி துளிகூட இல்லை.

"டேய் பொன்னு, போனது போவட்டும். இந்தத் தடவை நம்ம அருணா நிக்குது. உன் ஓட்டை அதுக்கே போட்டுடறேன். உன் ஓட்டு மட்டும் இல்லடா, கல்ஃப்ல இருக்கற நம்ம பசங்க ஓட்டு அத்தனையையும் அவனவன் மாமன் மச்சானை வச்சிப் போட்டுடலாம். ராஜமாணிக்கம் நம்மகிட்டக் கத்துக்கணும்!"

பொன்னரசுவுக்குக் குஷி தாங்கவில்லை. இந்த முறை சரியான குரூப்புக்கே செய்தி போனது. அல் கோபாரில் ஏசி மெக்கானிக்காக இருந்த சாகிர், "அப்போ ஜெயிச்சாச்சு மச்சான்" என்று ஆடுகிற பொம்மை அனுப்பினான். தம்மாம்காரர்கள் அதற்குள் வெற்றி விருந்துக்கு எந்த ஹோட்டல் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். நாற்பது ஓட்டுக்கு மேல் தேறும். வார்டு மெம்பர் தேர்தலில் நாற்பது ஓட்டு என்பது மலை.

அருணாவிடமும் சொன்னான். சந்தோஷத்தில் துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தான்.

"வேணாம்ண்ணா."

"என்னது வேணாம்?"

"கல்ஃப் ஓட்டு ஒண்ணுகூட விழக்கூடாது. எனக்கும் வேணாம், அவருக்கும் வேணாம். அவர் அப்படித்தானே ஜெயிச்சாரு? நானும் அப்படியே ஜெயிச்சுட்டு, எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுத் தண்ணி ஏன் வரலைன்னு கேக்கறது?"

"ஏய், என் ஓட்டை நான் உனக்குத் தர்றேங்கறேன்!"

"நீ எங்க தர்ற? சித்தப்பா தர்றாரு. என்னோட பூத் ஏஜென்ட்கிட்டச் சொல்லி வச்சிட்டேன். கல்ஃப்ல இருக்கறவங்க பேருல எவன் வந்தாலும் எந்திரிச்சு ஆட்சேபம் சொல்லணும்னு. உன் பேரா இருந்தாலும் சரி."

பொன்னரசு போனை வைத்துவிட்டான். படித்த திமிர் என்று ரூமில் எல்லோரிடமும் சொன்னான். தோற்றுவிட்டு வந்து அழட்டும், அப்போது தெரியும் என்றான். அரசியலே பிடிக்காதவன் அன்று தட்டை எடுத்துக்கொண்டு மேலே ஏறாமல் கீழேயே உட்கார்ந்து ஒரு மணி நேரம் அரசியல் பேசினான். அதை யாரும் அவனுக்குச் சுட்டிக்காட்டவில்லை.

ஆலையில் அப்போது ஷட்டவுன் நேரம். ஒரு பகுதியை மொத்தமாக நிறுத்திவிட்டு, குழாய்களையெல்லாம் பிரித்துச் சரிபார்க்கிற காலம். அந்த வேலையில் ஒரு சட்டம் உண்டு. மூடிய வால்வில், அங்கே வேலை செய்யும் ஒவ்வொருவனும் தன்னுடைய சிவப்புப் பூட்டை மாட்ட வேண்டும். பூட்டில் அவன் பேரும் போட்டோவும் இருக்கும். சாவி அவன் பையில். அவன் வேலை முடிந்து அவனே வந்து கழற்றினால்தான் உண்டு. மேனேஜரே வந்தாலும் அடுத்தவன் பூட்டில் கை வைக்கக் கூடாது.

அருணாவோடு சண்டை போட்ட மறுநாள், ஒரு நேபாளிப் பையன் பூட்டைக் கழற்ற மறந்து கேம்ப் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான். மொத்தக் கூட்டமும் வேலை முடிந்து வால்வுக்கு முன்னால் நிற்கிறது. வெயில் கொளுத்துகிறது. பொன்னரசுவுக்குத்தான் முதலில் பொறுமை போனது.

"சார், அவன் வேலை முடிஞ்சிடுச்சு. நல்லாத் தெரியும். வெட்டிடலாம் சார். அவனே இருந்தாலும் இப்பக் கழட்டத்தான் போறான்."

சாதிக் பாட்ஷா அவனை ஒரு பார்வை பார்த்தார். "அவன் கழட்டுவான்னு உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனா அது அவன் பூட்டு. கலாஸ், பேச்சு முடிஞ்சது."

பையன் திரும்பி வரும்வரை காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பில் பொன்னரசுவுக்கு முகம் சுருங்கிப்போய்விட்டது. தங்கச்சி சொன்னதும் இதைத்தான். சித்தப்பா நல்ல மனதோடுதான் செய்கிறார். அருணாவுக்குத்தான் குத்தப் போகிறார். இருந்தாலும் அந்த ஓட்டு, பொன்னரசுவின் பேரும் போட்டோவும் உள்ள பூட்டு. இவ்வளவு நாள் அதை எவனோ திறந்து மூடிக்கொண்டிருந்தான், அவனுக்கு உறைக்கவே இல்லை. வெட்கமாக இருந்தது. நேபாளிப் பையன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஓடி வந்தபோது, பொன்னரசு அவனைத் திட்டுவதற்குப் பதிலாகத் தோளில் தட்டிக்கொடுத்தான். பையன் இன்னும் பயந்துபோனான்.

அன்றே குரூப்பில் சொன்னான்: "நம்ம ஓட்டு யாருக்கும் கிடையாது. சும்மா கெடக்கட்டும். வீட்ல கண்டிப்பாச் சொல்லிடுங்க."

"லூசாடா நீ?" என்றான் சாகிர். மூன்று நாள் சண்டை நடந்தது. கடைசியில் சாகிரே ஒரு வழி சொன்னான். நம்முடைய ஓட்டு விழாவிட்டால் என்ன? வீட்டில் இருக்கிற பெண்களில் பாதிப் பேர் இதுவரை வார்டு மெம்பர் தேர்தலுக்குப் போனதே இல்லையே, அவர்களைக் கிளப்பலாம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கூத்து. வெயிலுக்கு ஒதுங்கும் இடைவேளையில், பஸ்ஸில், துணி துவைக்கும் வரிசையில் என்று எங்கே பார்த்தாலும் வெண்மாங்குறிச்சிப் பையன்கள் போனும் கையுமாக நின்றார்கள். அக்கா, அண்ணி, கட்டி ஆறு மாதமான பெண்டாட்டி, காலேஜில் படிக்கும் தங்கை, யாரையும் விடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து "சாப்பிட்டியா, தூங்கினியா" தவிர வேறு பேசியறியாதவன் ஒருவன் தன் மனைவியிடம் குடிநீர்க் குழாயைப் பற்றிப் பேச ஆரம்பித்து, அவளுக்கு அதில் எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று கண்டு அசந்துபோனான். "யாருக்கு வேணா போடு, ஆனா போய்ப் போடு" என்பதுதான் பேச்சு. போனை வைக்கும்போது "ஸ்பானர்னு ஒண்ணு இருக்கு, பாத்துக்க" என்பதையும் சேர்த்துக்கொண்டார்கள். மனிதர்கள்தானே.

ஆலையின் ஸ்பானரைக் கேட்டுக்கு வெளியே கொண்டு வர முடியாது. ஆகவே ஈசா அட்டைப்பெட்டியை வெட்டி, வெள்ளிக் காகிதம் ஒட்டி, ஆள் உயரத்துக்கு ஒரு ஸ்பானர் செய்தான். அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேம்ப் வாசலில் பீகார், நேபாளம், கேரளா எல்லாம் சேர்ந்து போட்டோ எடுத்துக்கொண்டது. செத்துப்போனவர் நடுவில் நின்றார்.

சித்தப்பாவிடம் பேசுவதுதான் கடினமாக இருந்தது. "என்னடா, நான் ஆசையாச் சொன்னா..." என்று அவர் குரல் கம்மியது. "சித்தப்பா, உன் ஓட்டை நீ யாருக்கு வேணா போடு. என்னோடதைத் தொடாத" என்றான். அவர் இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம் அவரே கூப்பிட்டு, "சரிடா, உன்னோடது உன்னோடது" என்றார்.

இவ்வளவு செய்தபிறகு அவனுக்குப் புதிதாக ஒரு ஆசை முளைத்தது. பூட்டைக் காவல் காத்தால் போதுமா, ஒரு தடவையாவது நாமே திறக்க வேண்டாமா? ஆனால் ஷட்டவுன் நேரத்தில் லீவு கேட்பவனை லூசு என்றுதான் சொல்வார்கள். கேட்கவே இல்லை. அவன் அதிர்ஷ்டம், அந்த வேலை சொன்ன தேதிக்கு முன்னாலேயே முடிந்தது. சாதிக் பாட்ஷா அவனைக் கூப்பிட்டார்.

"அஞ்சு நாள் தர்றேன். போயி ஓட்டைப் போட்டுட்டு வா. என்னோடது மச்சானோட போச்சு, நீயாவது போடு. ஆறாவது நாள் வந்தியோ, தொலைச்சிடுவேன்."

கல்ஃபுக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஊருக்குப் போவதைச் சொல்ல மாட்டார்கள். டூட்டியில் இருப்பதாகப் பொய் சொல்லிக்கொண்டே விமானம் ஏறி, வீட்டு வாசலில் போய் நின்று, அம்மா அலறுவதைப் படம் பிடித்தால்தான் அவர்களுக்கு ஜென்மம் சாபல்யம். பொன்னரசுவும் சொல்லவில்லை. தாடி, சாக்லேட் நிரம்பிய டிராலிப் பெட்டி, அதில் இன்னும் கிழிக்காத விமான லக்கேஜ் சீட்டு ஆகியவற்றோடு, ஓட்டுப்பதிவு நாள் காலையில் வெண்மாங்குறிச்சியில் இறங்கினான். வீடு பூட்டியிருந்தது. எல்லோரும் பள்ளிக்கூடத்தில்தான் இருப்பார்கள். முன்வாசலில் போனால் பார்த்துவிடுவார்கள் என்று பின்பக்கமாகப் பெட்டியை இழுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றான்.

உள்ளே மேசைக்கு ஒரு பக்கம் ஏஜென்ட்டுகள் உட்கார்ந்திருந்தார்கள். அருணாவின் ஏஜென்ட் சந்தியா என்ற பெண். இரண்டு வருஷத்துக்கு முன்தான் அந்தத் தெருவுக்குக் குடிவந்த குடும்பம். காலேஜ் படிக்கிறாள், அன்று காலை தன் வாழ்க்கையின் முதல் ஓட்டைப் போட்டுவிட்டு, மை காயாத விரலோடு உட்கார்ந்திருந்தாள். கல்ஃபில் இருக்கிறவர்கள் பெயர் அத்தனையும் அவளுக்கு மனப்பாடம்.

அதிகாரி பெயரைச் சத்தமாக வாசித்தார். "பொன்னரசு."

சந்தியா நாற்காலி பின்னால் சாய எழுந்துவிட்டாள். "மேடம்! ஆட்சேபம்! இது கள்ள ஓட்டு. பொன்னரசு ருவைஸ்ல இருக்காரு!"

"ஆமாம்மா, நான் ருவைஸ்லதான் இருக்கேன்" என்றான் பொன்னரசு.

"பாத்தீங்களா மேடம், அவரே ஒத்துக்கிட்டாரு!"

வாக்குச்சாவடித் தலைவி ஒரு பள்ளி ஆசிரியை. அடையாள அட்டையைக் கேட்டார். பொன்னரசு வாக்காளர் அட்டையை நீட்டினான். அதில் மீசை முளைக்காத ஒரு பையன் விழித்துக்கொண்டிருந்தான். பாஸ்போர்ட்டிலும் ஏறக்குறைய அதே பையன். சந்தியா இரண்டையும் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "இது யாரோ சின்னப் பையன் மேடம்."

ராஜமாணிக்கத்தின் ஏஜென்ட் பொன்னரசுவைப் பிறந்ததிலிருந்து தெரிந்தவர். தாடிக்குள்ளும் அடையாளம் கண்டுகொண்டுவிட்டார். ஆனால் அந்த ஓட்டு எங்கே விழும் என்பதும் அவருக்குத் தெரியும். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "பாப்பா சொல்றது நியாயமாத்தான் படுது" என்றார். எதிர்க்கட்சியின் ஆதரவு கிடைத்ததும் சந்தியா குழம்பிப்போனாள்.

பொன்னரசுவுக்கு வியர்த்தது. கடல் தாண்டி வந்தது இதற்குத்தானா? தன் ஓட்டுக்குத் தங்கை வைத்த காவல் தன்னையே பிடித்துக்கொண்டது. வரிசையில் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அம்மா, அவன் எங்க அண்ணன் பையன்தாம்மா! டேய் பொன்னு, எப்படா வந்த?" சித்தப்பா வேலுச்சாமி முட்டித்தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். "இவன்தாம்மா நிஜப் பொன்னரசு. இதுக்கு முன்னால வந்தவன்தான் போலி. அது எனக்கு நல்லாத் தெரியும்."

"எப்படித் தெரியும்?" என்று கேட்டார் தலைவி.

சித்தப்பா கூரையைப் பார்த்தார். வரிசை முழுக்கச் சிரித்தது. ராஜமாணிக்கத்தின் ஏஜென்ட்டுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அப்போதுதான் பொன்னரசுவுக்கு எமிரேட்ஸ் அடையாள அட்டை ஞாபகம் வந்தது. போன வருஷம் புதுப்பித்தது. தாடியோடு இருக்கிற போட்டோ. பாஸ்போர்ட்டில் அன்று காலை சென்னையில் குத்திய முத்திரையும் இருந்தது. தலைவி இரண்டையும் சேர்த்துவைத்துப் பார்த்தார், அவனைப் பார்த்தார், தலையசைத்தார். சந்தியா மெதுவாக உட்கார்ந்தாள்.

"நெஜமாவே அருணாக்காவோட அண்ணனா? சாரிண்ணா, எனக்கு..."

"அய்யோ, சாரி எதுக்கு? நல்லாக் காவல் காத்தம்மா" என்றான். அவன் அதை மனதாரச் சொன்னான். முன்பின் தெரியாத ஒரு சின்னப்பெண் அவன் ஓட்டுக்காக இவ்வளவு பேர் நடுவில் சண்டை போட்டிருக்கிறாள்.

விரலில் மை வைத்தபோது அது இவ்வளவு குளிர்ச்சியாக இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. சீட்டுகளை வாங்கிக்கொண்டு மறைப்புக்குள் போனான். முத்திரையை எடுத்தவன் குத்திவிட்டு உடனே வராமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். ஈரம் எதிர்ப்பக்கம் ஒட்டாதபடி சீட்டுகளை மடித்து ஓட்டுப்பெட்டிக்குள் போட்டான்.

டிராலிப் பெட்டியை இழுத்துக்கொண்டு முன்வாசல் வழியாக வெளியே வந்தான். கொஞ்ச தூரத்தில் மீனாம்பாள் அலறிய அலறலில் போலீஸ்காரர் திரும்பிப் பார்த்தார். படம் பிடிக்க அவனுக்கு மறந்தே போயிற்று. அம்மா அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள், அடித்தாள், வீட்டுக்குக்கூடப் போகாமல் இங்கே வந்து நிற்கிறாயே, சாப்பிட்டாயா என்று திட்டினாள். அருணா ஓடிவந்தாள். எப்போது வந்தாய் என்றுகூடக் கேட்கவில்லை. நேராக அவன் இடதுகையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, நடுத்தெருவில் அவன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள், கொஞ்சம் அழுதாள். அன்று பெட்டியில் இருந்த சாக்லேட் வீடு போய்ச் சேரவில்லை. பள்ளிக்கூட வாசலிலேயே தீர்ந்தது. முதல் சாக்லேட் சந்தியாவுக்குப் போனது.

சொன்ன நாளில் ருவைஸ் திரும்பினான். ஓட்டு எண்ணுகிற அன்று அவன் டூட்டி முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான். போன் அடித்ததும் பஸ்ஸே அமைதியாகிவிட்டது. சாதிக் பாட்ஷா முன்சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

"ண்ணா, ஜெயிச்சிட்டேன்! முப்பத்தோரு ஓட்டு வித்தியாசம்! பொம்பளைங்க வந்து குவிஞ்சிட்டாங்கண்ணா. கல்ஃப் ஓட்டுல ஒண்ணே ஒண்ணுதான் விழுந்திருக்கு, அது உன்னுது!"

பொன்னரசு போட்ட சத்தத்துக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. பீகார்க்காரர் சீட்டைத் தட்டினார், ஈசா விசிலடித்தான், டிரைவர் ஹாரனை அழுத்தினார். சத்தம் கொஞ்சம் அடங்கியதும் அருணா கேட்டாள்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே? நீ வராட்டியும் நான் ஜெயிச்சிருப்பேன்ணா."

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு அவ்வளவு தூரம் ஓடி வந்த?"

"உன்னை ஜெயிக்க வைக்கவா வந்தேன்?" என்றான் பொன்னரசு. "நான் ஓட்டுப் போட வந்தேன்."